நோட்டிங் இல்லாத ஆர்டர்

பழைய நண்பர் ஒருவர் போன வாரம் கேட்டார்: "டிராகன், மந்திரம், செத்தவன் எழுந்து நடக்கிறது... இந்த வயசுல இதையெல்லாம் பார்க்கிறதும் இல்லாம கோபம் வேற படறியே, உனக்கே சிரிப்பா இல்லையா?" சிரிப்பு வருகிறதுதான். ஆனால் கோபமும் போகவில்லை. 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொலைக்காட்சித் தொடர் முடிந்தது 2019 மே மாதத்தில். இத்தனை வருஷம் கழித்தும் அதன் முடிவு பற்றிப் பேச்சு வந்தால் எனக்குக் குரல் உயர்ந்துவிடுகிறது. அன்று அவருக்குச் சொன்ன பதில் அரைகுறையாகப் போனதால் முழுதாக இங்கே எழுதுகிறேன்.

பார்க்காதவர்களுக்காக முதலில் கொஞ்சம் விவரம். ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் என்ற அமெரிக்க எழுத்தாளர் ஏழு பாகமாக ஒரு பெரிய கதையைத் திட்டமிட்டார். முதல் பாகம் 1996இல் வந்தது. பிறகு 1998, 2000, 2005, 2011 என்று ஐந்து பாகங்கள் வந்துவிட்டன. ஆறாவது இன்னும் வரவில்லை. கற்பனை நாடு, கற்பனை ராஜாக்கள். ஒரு இரும்புச் சிம்மாசனத்துக்காகக் குடும்பங்கள் அடித்துக்கொள்கின்றன. வடக்கே ஒரு பனிச்சுவர், அதற்கு அப்பால் பிணங்களின் படை. கதை அவ்வளவுதான் என்று நினைத்துவிடாதீர்கள். யார் எந்த நாளில் எந்த ஊரில் இருந்தார், யாருக்கு எந்தச் செய்தி எப்போது தெரிந்தது, அரண்மனைக் கடன் எவ்வளவு, குளிர்காலத்துக்குத் தானியம் இருக்கிறதா என்பது வரைக்கும் அந்த மனிதர் கணக்கு வைத்திருப்பார். குமாஸ்தா வேலை பார்த்தவனுக்கு இது பிடிக்காமல் எப்படி இருக்கும்?

நான் படித்தது பிரெஞ்சு மொழிபெயர்ப்பில். பிரான்சில் இருக்கும் என் ஒன்றுவிட்ட அண்ணன், சொல்தாவாக இருந்து பென்ஷன் வாங்குகிறவர், ஊருக்கு வரும்போதெல்லாம் இரண்டு மூன்று கொண்டுவருவார். ஐந்து பாகத்தைப் பிரெஞ்சுக்காரர்கள் பதினைந்து புத்தகமாகப் பிரித்துப் போட்டிருந்தார்கள், வியாபாரம் தெரிந்தவர்கள். முதல் நான்கு பாகங்களை மொழிபெயர்த்த ழான் சோலா பழங்காலத்துப் பிரெஞ்சுச் சொற்களாகத் தேடித் தேடிப் போட்டிருப்பார். அங்கே இளம் வாசகர்கள் அதைப் படிக்க முடியவில்லை என்று குறைப்பட்டார்கள். எனக்கோ அது சொந்த வீட்டுக்குள் நுழைந்த மாதிரி இருந்தது. புதுவையில் எங்கள் காலத்துப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்த பிரெஞ்சும் ஏறக்குறைய அந்த வயதுதான்.

அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் மொரிஸ் த்ருயோன் எழுதிய 'லே ருவா மோதி' நாவல்களையும் படித்தேன். 'சபிக்கப்பட்ட அரசர்கள்' என்று சொல்லலாம். பதினான்காம் நூற்றாண்டு பிரெஞ்சு அரசவையின் சரித்திரக் கதை. அதில் வரும் ரொபேர் தார்த்துவா ஒரு சீமையையே மீட்பதற்காகப் பொய் ஆவணம் தயாரிக்கும் ஆள். மார்ட்டின் கதையைத் தொடங்கி ஐம்பது பக்கம் போனதுமே, இவர் த்ருயோனைப் படித்திருக்கிறார் என்று எனக்குத் தோன்றிவிட்டது. பின்னால், அந்த நாவல்களின் ஆங்கிலப் பதிப்பு மறுபடி வந்தபோது மார்ட்டினே முன்னுரை எழுதினார். தன் கதைக்கு மூலம் இதுதான் என்ற அர்த்தத்தில் மனம் திறந்து பாராட்டியிருந்தார்.

த்ருயோன் கதையைப் பிரெஞ்சுத் தொலைக்காட்சி இரண்டு தடவை எடுத்தது. 1972இல் எடுத்தது ஆறே பகுதி. எல்லாம் ஸ்டூடியோவுக்குள், நாடக மேடை போலச் சில தூண்கள், சில திரைகள். போர் என்றால் யாராவது வந்து சொல்லுவார்கள். ஆனால் ரொபேராக வந்த ழான் பியா வாயைத் திறந்தால் போதும், புத்தகம் எழுந்து நின்றுவிடும். 2005இல் மறுபடி எடுத்தார்கள். ழான் மொரோ, ழெரார் தெபார்திய என்று பெரிய நட்சத்திரங்கள். சித்திரக் கதைக்காரர் ஃபிலிப் த்ருயே அரங்க அமைப்பு. பிரமாண்டம்தான், ஒத்துக்கொள்கிறேன். இரண்டு பகுதிக்கு மேல் என்னால் உட்கார முடியவில்லை. அண்ணன் டெலிபோனில் சொன்னது: "தம்பி, எல்லாரும் நல்லா டிரஸ் போட்டிருக்கானுங்க. யாரும் எதுக்குச் சண்டை போடுறானுங்கன்னுதான் தெரியல."

ஆகவே, காசு போதவில்லை என்பதால் ஒரு புத்தகம் திரையில் கெட்டுப்போவதில்லை என்பது எனக்கு முன்பே தெரியும். மாற்றியதாலும் கெடுவதில்லை. கேம் ஆஃப் த்ரோன்ஸின் முதல் வருடத்தில், ராஜா ராபர்ட்டும் ராணி செர்சேயும் தனியாக உட்கார்ந்து தங்கள் பாழாய்ப்போன கல்யாணத்தைப் பற்றிப் பேசுகிற ஒரு காட்சி வரும். புத்தகத்தில் அது கிடையாது. ஆனால் புத்தகத்தில் இருக்க வேண்டிய காட்சி. இரண்டாம் வருடத்தில் சிறுமி ஆர்யா, தன் குலத்துக்கே எதிரியான டைவின் பிரபுவுக்கு மது ஊற்றும் வேலையில் இருப்பாள். புத்தகத்தில் அவள் அந்த வேலை பார்ப்பது வேறொரு பிரபுவிடம். இந்த மாற்றத்தால் நமக்குக் கிடைத்த காட்சிகள் எத்தனை அருமை! புத்தகப் பிரியர்கள் மாற்றம் என்றாலே குதிப்பார்கள் என்று சொல்வது சுத்தப் பொய்.

பிறகு என்ன கெட்டது? 2011இல் தொடர் ஆரம்பித்தபோது கையில் நான்கு புத்தகம் இருந்தது. மூன்று மாதத்தில் ஐந்தாவதும் வந்தது. ஐந்து வருடத்தில் தொடர் புத்தகங்களைத் தாண்டிவிட்டது. இப்படி ஆகும் என்று முன்பே பயந்த தயாரிப்பாளர்கள் பெனியாஃபும் வைஸும், கதை எங்கே போய் முடிகிறது என்று மார்ட்டினிடமே கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். அவரும் முக்கியமான சில திருப்பங்களைச் சொன்னார். அதில் ஒன்றுதான் ஹோடர். வாழ்நாள் முழுக்க 'ஹோடர்' என்ற ஒரே சொல்லை மட்டும் பேசுகிற அப்பாவி. அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்பது 2016இல் தெரிந்தது. கதவைப் பிடித்துக்கொள் என்ற ஆங்கிலக் கட்டளை தேய்ந்து தேய்ந்து அந்தப் பெயரானது. பிரெஞ்சு டப்பிங்காரர்கள் இதற்கு என்ன பாடுபட்டிருப்பார்கள்! 'வெளியே விடாதே' என்று பொருள்படும்படி 'ஓ-தெயோர்' என்ற சொல்லில் கொண்டுபோய் எப்படியோ சேர்த்துவிட்டார்கள். அன்று நான் அழுதேன். புத்தகத்தில் இன்னும் வராத சம்பவம்தான், ஆனால் அதற்கான காரணம் ஆறு வருடமாகக் கதைக்குள்ளேயே இருந்தது.

கடைசி இரண்டு வருடங்களில் காரணம்தான் காணாமல் போயிற்று. அதுவரை வருடத்துக்குப் பத்துப் பகுதி. ஏழாவது வருடம் ஏழு, எட்டாவது வருடம் ஆறு. இன்னும் நீட்ட எச்.பி.ஓ. நிறுவனம் தயாராகவே இருந்தது. போதும் என்று முடிவு செய்தவர்கள் தயாரிப்பாளர்கள்தான். முதல் வருடத்தில் ராஜாவின் பரிவாரம் தலைநகரிலிருந்து வடக்கே போய்ச் சேர ஒரு மாதம் ஆனது. ஏழாவது வருடத்தில் ஒருவன் சுவர் வரை ஓடுகிறான், காகம் தெற்குக் கோடிக்குப் பறக்கிறது, டிராகன் அங்கிருந்து கிளம்பி வந்து சேருகிறது. அதுவரை மற்றவர்கள் ஒரு பாறை மேல் நிற்கிறார்கள்.

எங்கள் அலுவலகத்தில் ஒரு வழக்கம். எந்த ஆர்டருக்கும் கோப்பில் நோட்டிங் இருக்க வேண்டும். இன்ன கடிதம் வந்தது, இன்ன விதி பொருந்துகிறது, முன்பு இப்படிச் செய்திருக்கிறார்கள், ஆகையால் இப்படிச் செய்யலாம் என்று கீழிருந்து மேலே வரை எழுதிக்கொண்டு போனால்தான் கடைசியில் கையெழுத்து. ஆர்டர் சரியாகவே இருக்கலாம். நோட்டிங் இல்லையென்றால் ஆடிட்காரர் விடமாட்டார்.

டேனெரிஸ் என்ற இளவரசி அடிமைகளை விடுவித்தவள். கடைசிக்கு முந்தின பகுதியில், சரணடைந்துவிட்டோம் என்று நகரத்து மணிகள் அடித்த பிறகு, டிராகன் மேலேறி அந்த நகரத்தையே எரிக்கிறாள். இங்கே என் பேத்தி கட்சி மாறுவாள். "தாத்தா, அவ முன்னாடியே அப்படித்தான். மீரீன்ல 163 பேரைக் கட்டையில அறைஞ்சாளே, மறந்துட்டீங்களா?" மறக்கவில்லை அம்மா. மார்ட்டினே இந்த முடிவைச் சொல்லியிருக்கலாம், அதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த 163 பேர், அதே எண்ணிக்கையில் குழந்தைகளைக் கொன்று வழி நெடுகத் தொங்கவிட்டவர்களின் கூட்டம். அதிலிருந்து, ஒரு குற்றமும் செய்யாத ரொட்டிக்கடைக்காரனை எரிப்பது வரை வர எத்தனை பக்கம் நோட்டிங் வேண்டும்! இரண்டு பகுதியில் அதை முடித்துவிட்டார்கள்.

ஜேமியின் விஷயம் இன்னும் மோசம். பைத்தியக்கார ராஜா நகரத்தையே கொளுத்தப் போகிறான் என்று தெரிந்து, மக்களைக் காப்பாற்ற அந்த ராஜாவைக் கொன்று, வாழ்நாள் முழுக்கத் துரோகி என்ற பெயரைச் சுமந்தவன். மூன்றாம் வருடத்தில் குளியல் தொட்டியில் உட்கார்ந்து அவன் அதைச் சொல்லும் காட்சியை யார் மறக்க முடியும்? அதே ஆள் கடைசியில், மக்களைப் பற்றி எனக்கு எப்போதுமே அக்கறை இருந்ததில்லை என்கிறான். முன் கோப்பைப் புரட்டாமலே போட்ட ஆர்டர்.

கடைசி வருடத்தை மறுபடி எடுக்கச் சொல்லி இணையத்தில் பதினைந்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கையெழுத்துப் போட்டார்கள். பேத்தி நீட்டினாள், நான் போடவில்லை. ஒரு போர்க் காட்சிக்காக ஐம்பத்தைந்து இரவுகள் குளிரிலும் சேற்றிலும் வேலை பார்த்தவர்கள் இருக்கிறார்கள். இன்னொரு தடவை செய் என்று எந்த முகத்தோடு சொல்வது? (அந்தப் பகுதி அவ்வளவு இருட்டாக இருந்தது, டி.வி. கெட்டுப்போய்விட்டது என்று ரிமோட்டைத் தட்டினேன் என்பது வேறு விஷயம்.)

இந்த இடத்தில் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னோடு ஒரே அறையில் வேலை பார்த்த நண்பர், பெயர் வேண்டாம். அவர் ஆங்கிலத்தில் படிப்பார், நான் பிரெஞ்சில். சாயங்காலம் கடற்கரையில் நடக்கும்போது ஒப்பிட்டுப் பார்ப்போம். சிம்மாசனம் யாருக்கு என்று ஐந்நூறு ரூபாய் பந்தயம். நான் ஜான் ஸ்னோ என்றேன். "ஒருத்தனும் உட்கார மாட்டான், அந்த நாற்காலியே மிஞ்சாது பாரு" என்றார் அவர். ஏழாவது வருடத்துக்கும் எட்டாவது வருடத்துக்கும் இடையில் ஏறக்குறைய ஒன்றரை வருஷம் இடைவெளி விட்டார்கள். அந்த இடைவெளியில் அவர் போய்விட்டார். கடைசிப் பகுதியில் டிராகன் சிம்மாசனத்தை உருக்கி ஊற்றியபோது பேத்தி என் முகத்தைப் பார்த்தாள். அந்த வாரமே போய் அவர் மனைவியிடம் ஐந்நூறைக் கொடுத்தேன். எதற்கு என்று விளக்கிச் சொல்லக் கால் மணி நேரம் ஆனது. "ஏண்ணே, உங்க ரெண்டு பேருக்கும் வேற வேலையே இல்லையா?" என்று சொல்லிவிட்டு ரூபாயைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்தார்.

மார்ட்டின் மேலும் எனக்கு வருத்தம் உண்டு. அவர் 1980களில் தொலைக்காட்சிக்கு எழுதிய ஆள். எதை எழுதினாலும் செலவு அதிகம், குறை என்று வெட்டுவார்களாம். அந்தச் சலிப்பில்தான், எவனாலும் படமெடுக்க முடியாத அளவுக்குப் பெரிதாக இந்தக் கதையை எழுத உட்கார்ந்தார். அதையே படமெடுத்தார்கள், அவரே நான்கு வருடத்துக்கு ஆளுக்கொன்றாக நான்கு பகுதி எழுதியும் கொடுத்தார். பிறகு, புத்தகத்தை முடிக்க வேண்டும் என்று எழுதுவதை நிறுத்தினார். புத்தகம் வரவில்லை. அதற்குள் 2024இல், அவர் எழுதிய முன்கதையைத் தொடராக எடுத்தவர்கள் ஒரு குழந்தையை விட்டுவிட்டார்கள் என்று அவரே வெளிப்படையாகக் குறைபட்டு எழுதினார். கொஞ்ச நேரத்தில் அது நீக்கப்பட்டுவிட்டது. புத்தகத்தில், உன் இரண்டு மகன்களில் யார் சாக வேண்டும் என்று கொலைகாரர்கள் தாயையே கேட்பார்கள். அவள் சின்னவனைச் சொல்வாள், அவர்கள் பெரியவனைக் கொல்வார்கள். பிறகு அந்தச் சின்னவன் முகத்தை அவள் எப்படிப் பார்ப்பாள்? தொடரில் ஒரே மகன்தான். கேள்வியே இல்லை. அவர் எழுதியதைப் படித்தபோது, இவரும் நம் கட்சிதான் என்று அற்ப சந்தோஷம்.

த்ருயோன் கதையை 2005இல் கெடுத்தார்கள் என்றாலும் எனக்கு நஷ்டமில்லை. அவர் எழுதி முடித்துவிட்டுத்தான் போனார். ஏழாவது நாவல் 1977இல் வந்தது, ஏழும் என் அலமாரியில் இருக்கின்றன. இங்கே அப்படி இல்லை. மார்ட்டின் 1948இல் பிறந்தவர். எனக்கும் அவருக்கும் அதிக வித்தியாசம் கிடையாது, மாத்திரை எண்ணிக்கையிலும் இருக்காது என்று நினைக்கிறேன். பேத்தி வயதுக்காரர்களுக்குத் தொலைக்காட்சியில் வந்தது ஒரு முடிவு. நல்ல முடிவு பின்னால் வரும் என்று காத்திருக்கலாம். என்னைப் போன்றவர்களுக்கு அதுவே ஒரே முடிவாக இருந்துவிடலாம். கோபம் ஏன் என்று கேட்ட நண்பருக்கு இதைத்தான் சொல்லியிருக்க வேண்டும்.

ஆறாவது பாகம் வந்தாலும் பிரெஞ்சில் கைக்கு வர மேற்கொண்டு காலம் ஆகும். அதனால் பேத்தியின் ஆங்கிலப் புத்தகங்களை வாங்கி முதல் பாகத்திலிருந்து ஆரம்பித்திருக்கிறேன். எழுத்து பொடியாக இருக்கிறது. அகராதியும் பூதக்கண்ணாடியும் வைத்துக்கொண்டு காலையில் பத்துப் பக்கம். நேற்றுதான் பனியில் ஓநாய்க் குட்டிகள் கிடைத்தன.