கடலையும் கனியும்

சத்துள்ள உணவு என்றதும் எல்லோரும் வாதுமைப் பருப்பையும் ஆப்பிளையும்தான் சொல்லுகிறார்கள். சங்கரன்கோவிலில் விசைத்தறி ஓட்டிப் பிழைக்கிறவன் அதைக் கேட்டு என்ன செய்வான்? 'நமக்கு எட்டாது' என்று டீயையும் பன்னையும் வைத்தே பகலைக் கழித்துவிடுகிறான்.

எட்டாதது எதுவுமில்லை. ஒரு பிடி நிலக்கடலையை இரவே ஊறப்போட்டு, காலையில் உப்பிட்டு அவித்து வடித்துக்கொள்ளுங்கள். ஒரு கொய்யா, ஒரு கீற்றுப் பப்பாளி, அதிகம் கனியாத ஒரு வாழைப்பழம். நறுக்கிய கையோடு புளியங்குடி எலுமிச்சை அரை மூடி பிழிந்துவிட வேண்டும். அந்தப் புளிப்பு, வாழைப்பழம் சீக்கிரம் கறுத்துவிடாமல் காக்கும். மேலே மிளகுப்பொடி ஒரு சிட்டிகை. சர்க்கரை வேண்டவே வேண்டாம். கனிகளின் இனிப்பே போதும்.

100 கிராம் பச்சை நிலக்கடலைப் பருப்பில் சுமார் 25 கிராம் புரதம் இருக்கிறது. வாதுமையில் அதைவிடக் கொஞ்சம் குறைவுதான். எடைக்கு எடை பார்த்தால் கொய்யாவில் ஆரஞ்சை விட வைட்டமின் சி அதிகம்.

தறிக்கார நண்பர் ஒருவர் இந்தக் கிண்ணத்தைப் பார்த்து, "என்ன அண்ணாச்சி, கோயில் பிரசாதமா?" என்று சிரித்தார். இப்போது அவர் வீட்டுக் குழந்தைகள் தறிச் சத்தத்தையும் மீறி இதற்குச் சண்டை போடுகிறார்கள். காதுக்கு இனிய சண்டை!