ஏரிக்கரையில் ஓர் எச்சரிக்கை

கொடைக்கானலில், 1863-ல் கலெக்டர் லெவிஞ்ச் உருவாக்கிய ஏரியின் கரையோரம் ஒரு விடுதி. ஜன்னலைத் திறந்தால் மூடுபனி. கைப்பேசியைத் திறந்தால், வைஃபையின் பெயருக்கடியில் 'பாதுகாப்பு பலவீனம்' என்று எச்சரிக்கை!

பக்கத்து அறை அம்மாளுக்கு அன்றைக்குள் மகளின் கல்லூரிக் கட்டணத்தைக் கட்டியாக வேண்டும். "போன் கெட்டுவிட்டதா?" என்று பதறினார்.

போனில் கோளாறில்லை. மாடிப்படியோரத்து ரூட்டர், 2003-ல் வந்த டபிள்யூபிஏ பூட்டையே இன்னும் போட்டுக்கொண்டிருந்தது. 2018-ல் வந்த டபிள்யூபிஏ3 அந்தக் கிழப்பெட்டியில் ஏது? மானேஜர் (நல்ல மனிதர்!) அதை டபிள்யூபிஏ2-ஏஇஎஸ்ஸுக்கு மாற்றினார். போனில் பழைய இணைப்பை நீக்கி மறுபடி சேர்த்ததும், எச்சரிக்கை போயே போய்விட்டது.

அம்மாளோ வைஃபையை அணைத்துவிட்டு, சொந்த டேட்டாவில் பணம் கட்டினார்.

"பாஸ்வேர்டைத்தான் வரவேற்பறையிலேயே எழுதி ஒட்டியிருக்கிறார்களே!" என்றார்.