சிவப்பைச் சிக்கனமா செலவு பண்ணுங்க!

நியூஸ் சேனல்ல கீழே ஓடுற வரியை முழுசா படிச்சிருக்கீங்களா? மழைக்காலத்துல காலேஜ் லீவான்னு பார்க்கிறதோட சரி, அப்படித்தானே?

எங்க தாத்தாவுக்குக் காது கேட்காது. நியூஸ் வாசிக்கிறவர் அவருக்கு வாயசைக்கிற பொம்மை. செய்தி சொல்றது அந்த வரிதான்.

ஓடும் வரி முன்னாடியே உண்டு. ஆனால், 2001 செப்டம்பர் 11-ல் நியூயார்க்கின் இரட்டைக் கோபுரங்கள் தாக்கப்பட்டபோது தகவல்கள் வந்து குவிந்தன. ஃபாக்ஸ் நியூஸ் காலையிலேயே ஓடும் வரியைத் தொடங்க, சி.என்.என்., எம்.எஸ்.என்.பி.சி. சேனல்களும் அன்றைக்கே பின்தொடர்ந்தன. அவசரத்துக்கு வந்த விருந்தாளி, அப்புறம் கிளம்பவே இல்லை!

சிவப்பு 'பிரேக்கிங் நியூஸ்' பட்டையும் அப்படித்தான். புயல் கரையைக் கடந்தாலும் சிவப்பு. பட டீசர் வந்தாலும் சிவப்பு. முன்னெல்லாம் சிவப்பைப் பார்த்ததும் தாத்தா மூக்குக்கண்ணாடியைத் தேடுவார். இப்போ கண்டுக்கிறதே இல்லை. நிஜமாவே புயல் வர்ற அன்னிக்கு அவரை யார் உஷார் பண்றது?

விஸ்காம் படிக்கிற நண்பர்களே, நாளைக்கு அந்தப் பட்டையை வடிவமைக்கப் போறது நீங்கதான். எழுத்தைப் பெரிசாக்குங்க, ஓட்டத்தைக் குறைங்க. சிவப்பை மட்டும் நிஜமான அவசரத்துக்குன்னு பத்திரமா வைங்க, ப்ளீஸ்!