திண்ணைப் பள்ளிக்கூடம் மூன்றாவது மாடிக்கு வருமா?

வீட்டிலேயே பிள்ளைகளைப் படிக்கவைக்கலாம் என்று முடிவெடுக்கும் கோவைப் பெற்றோர் பலர் முதலில் போவது ஃபர்னிச்சர் கடைக்குத்தான். ஒரு படுக்கையறை காலியாகும். சின்ன பெஞ்ச், வெள்ளைப் பலகை, சுவர் முழுக்க எழுத்துப் படம், கோள்களின் படம், வாய்ப்பாடு. முதல் வாரம் பிள்ளைக்கு ஒரே குஷி. மூன்றாவது வாரம் நோட்டைத் தூக்கிக்கொண்டு சமையலறைத் தரைக்கு வந்துவிடும். பெஞ்சின் மேல் மடிக்காத துணி குவிய ஆரம்பிக்கும்.

"ஏங்கண்ணு, அங்க போயி உக்காந்து எழுதறதுக்கு என்ன?"

"அங்க ஆரும் இல்லீங்கம்மா."

இடம் அமைக்கிறவர்கள் அடிக்கடி மறந்துபோவது இதைத்தான். பள்ளிக்கூடம் என்றதும் நமக்கு வகுப்பறை ஞாபகம் வருகிறது. வகுப்பறையைச் சின்னதாக்கி வீட்டுக்குள் வைத்தால் போதும் என்று தோன்றுகிறது. ஆனால் 30 பிள்ளைகளை ஒரே பக்கம் பார்த்து உட்காரவைக்கப் பிறந்த ஏற்பாடு அது. ஒரு பிள்ளைக்கோ இரண்டு பிள்ளைகளுக்கோ அது தனிமைச் சிறை. கொங்கு நாட்டில் வீட்டோடு சேர்ந்த பள்ளிக்கூடம் புதுசும் அல்ல. பழைய வீடுகளைப் பார்த்துவிட்டு வந்தால் தச்சரிடம் என்ன சொல்ல வேண்டும் என்பது தெளிவாகிவிடும்.

உக்கடத்தில் பஸ் ஏறினால் பொள்ளாச்சி 40 கிலோமீட்டர். அங்கிருந்து ஆனைமலை, உடுமலை, தாராபுரம் என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் உள் கிராமங்களில் சில தொட்டிக்கட்டு வீடுகள் இன்னும் நிற்கின்றன. சினிமாவில் பார்த்துப் பார்த்துப் பழகிய வீடுகள்தான். வாசற்படியின் இரண்டு பக்கமும் திண்ணை. உள்ளே நுழைந்தால் தூண் வைத்த ஆசாரம். நடுவில் வானம் பார்த்த தொட்டி. நான்கு பக்கத்து ஓடும் அதை நோக்கிச் சரிந்திருக்கும். அப்பால் சமையல்கட்டு, அதற்கும் பின்னால் பொடக்காலி.

அந்த வீட்டில் 'பிள்ளைகள் அறை' என்று ஒன்று கிடையாது. பிள்ளை ஆசாரத்துத் தரையில் புளியங்கொட்டை பரப்பிக்கொண்டு உட்கார்ந்தால், சமையல்கட்டில் இருக்கும் அம்மாவுக்கும் திண்ணையில் இருக்கும் தாத்தாவுக்கும் கண்பார்வையிலேயே இருக்கும். யாரும் பக்கத்தில் உட்கார்ந்து மேய்க்க வேண்டியதில்லை; யாரும் இல்லாமலும் இல்லை. வெளிச்சம் தொட்டி வழியாக மேலிருந்து இறங்கி, கண்ணைக் குத்தாமல் தரையில் பரவும். சுவரில் மாடக்குழிகள், ஐந்து வயதுப் பிள்ளையின் கை எட்டும் உயரத்தில் ஒன்றிரண்டாவது இருக்கும்.

திண்ணைதான் விசேஷம். அது வீடும் அல்ல, தெருவும் அல்ல. வழிப்போக்கர் உட்காரலாம், அக்கம்பக்கத்தார் வந்து பேசலாம். ஒரு வாத்தியார் கிடைத்துவிட்டால் அதே திண்ணை பள்ளிக்கூடமாகிவிடும். 1822இல் சென்னை மாகாணத்தில் எத்தனை பள்ளிகள் என்று கவர்னர் தாமஸ் மன்றோ கணக்குக் கேட்டபோது, கோவை மாவட்டத்தில் 763 பள்ளிகள் இருப்பதாகப் பதில் போனது. அனுப்பிய கலெக்டர் ஜான் சல்லிவன். ஊட்டியை உண்டாக்கியவர் என்று நாம் படிக்கும் அதே சல்லிவன். அன்றைய கோவை மாவட்டம் ஈரோடு, கரூர், தாராபுரம் எல்லாம் சேர்ந்த பெரிய மாவட்டம் என்றாலும், அந்த எண் சாதாரணமானதல்ல. அந்தக் காலத்துப் பள்ளிகளில் பெரும்பாலானவற்றுக்குத் தனிக் கட்டடம் ஏது? திண்ணை, கோயில் மண்டபம், மரத்தடி.

அங்கே வயதுவாரியாக வகுப்பு இல்லை. பெரிய பையன் சட்டாம்பிள்ளையாக இருந்து சின்னப் பையனுக்குச் சொல்லிக்கொடுப்பான். மணலில் விரலால் எழுதி, கை பழகிய பிறகுதான் ஓலை. மணல் நல்ல பலகை. தப்பை அழிக்க ரப்பர் வேண்டாம், தப்புப் போட்டது யாருக்கும் தெரியவும் தெரியாது. இன்றைக்கும் ஓர் அகலத் தட்டில் ஒரு விரல்கடை உயரத்துக்குச் சலித்த மணல் பரப்பி வைத்தால், நான்கு வயதுப் பிள்ளைக்கு அதைவிடச் சிறந்த எழுதுபலகை கடையில் கிடைக்காது.

இதையெல்லாம் சொல்லிவிட்டு, அந்தத் திண்ணையில் யார் உட்கார்ந்தார்கள் என்பதைச் சொல்லாமல் விட்டால் பாதிக் கதைதான். பெண் குழந்தைகள் விரல் விட்டு எண்ணுமளவுக்கே இருந்தார்கள். ஊரின் ஓரத்தில் குடியிருந்த சாதிகளின் பிள்ளைகளுக்குத் திண்ணை ஏறவே உரிமை கிடையாது. கோல் எடுத்த கையால்தான் பாடம் நடந்தது. அந்தப் பள்ளியை அப்படியே திருப்பிக் கொண்டுவர யாரும் ஆசைப்படத் தேவையில்லை. எடுத்துக்கொள்ளத் தக்கது தெருவைப் பார்த்த அந்த மேடையைத்தான். அதில் இந்த முறை எல்லாப் பிள்ளைகளும் ஏற வேண்டும்.

வீட்டுக் கல்வி என்றால் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வியும் இதையொட்டியதுதானே: பிள்ளை யாரோடு பழகும்?

உயரம், அளவு என்று வரும்போது இன்னொரு ஆளையும் துணைக்கு அழைக்கலாம். மரியா மாண்டிசோரி 1907இல் ரோம் நகரத்து ஏழைக் குடியிருப்பில் முதல் 'குழந்தைகள் இல்லம்' திறந்தபோது, பிள்ளைகள் தாங்களே தூக்கி நகர்த்தக்கூடிய எடையில் நாற்காலி, மேசை செய்யச் சொன்னார். 1939இல் சென்னை அடையாறுக்கு வந்தார். இரண்டாம் உலகப்போர் வந்துவிட, இத்தாலிக்காரர் என்பதால் ஊர் திரும்ப முடியாமல், பழனி மலைக்கு மேலே கொடைக்கானலில் சில ஆண்டுகள் தங்கினார். பழனியிலிருந்து ஏறி இறங்குகிற தூரத்தில்தான் அந்த அம்மாள் பூவையும் பூச்சியையும் வைத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் அமைத்துக்கொண்டிருந்தார் என்பது இங்கே பலருக்குத் தெரியாது.

அவர் வழியில் வந்த ஒரு பழக்கம், பிள்ளை வேலை செய்யும்போது தரையில் பாய் ஒன்றை விரிப்பது. பாய்க்குள் இருப்பது அந்தப் பிள்ளையின் வேலை; அடுத்தவர் மிதிக்கக் கூடாது. கொங்கு நாட்டில் இதற்குப் பாய் தேடி எங்கும் போக வேண்டாம். பவானி ஜமக்காளம் இருக்கிறது. தடித்த நூலில் பட்டை பட்டையாக நெய்தது. எல்லைக் கோடு அதிலேயே போட்டிருக்கிறது. "செவப்புப் பட்டைக்கு இந்தப் பக்கம் உன்னுது, அந்தப் பக்கம் தம்பியுது" என்று சொல்லிவிட்டால் பாதிச் சண்டை குறையும். புவிசார் குறியீடு வாங்கிய பொருள். அதே பெயரில் விசைத்தறிச் சரக்கும் விற்கிறார்கள் என்பதால் கேட்டு வாங்க வேண்டும்.

பவானி, சென்னிமலை, சிறுமுகைப் பக்கம் வீட்டுக்குள்ளேயே தறி ஓடிய காலத்தைப் பெருமையாகச் சொல்வார்கள். பிள்ளைகள் கணக்கும் நிறமும் அங்கேயே கற்றார்கள் என்பது உண்மை. அதே தறி பல பிள்ளைகளின் படிப்பை விழுங்கியதும் உண்மை. வீட்டு வேலையில் கற்கலாம். ஆனால் அந்த வேலையை நம்பி வீட்டுச் செலவு நடக்கிறது என்றால் அதற்குப் பெயர் படிப்பு அல்ல. இடம் அமைக்கும்போதே இந்தக் கோட்டையும் போட்டுக்கொள்வது நல்லது.

இனி ஆசாரத்திலிருந்து அவினாசி சாலைக்கு. அங்கே ஜி.டி. நாயுடு அருங்காட்சியகம். சாலையின் தலைக்கு மேலே ஓடும் 10 கிலோமீட்டர் மேம்பாலத்துக்கும் இப்போது அவர் பெயர்தான். 1893இல் கலங்கல் கிராமத்தில் பிறந்த அவருக்குப் பள்ளிக்கூடம் பிடிக்கவே இல்லை. ஆரம்ப வகுப்புகளோடு சரி. வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஓட்டிவந்த மோட்டார் சைக்கிளைப் பார்த்து ஆசைப்பட்டு, கோவையில் ஹோட்டல் வேலை பார்த்துக் காசு சேர்த்து அதை வாங்கினார். வாங்கியதும் செய்த முதல் காரியம், அதைக் கழற்றிப் போட்டது! திரும்பவும் கழற்றி, திரும்பவும் மாட்டி, அப்படித்தான் இயந்திரம் படித்தார். 1920இல் பொள்ளாச்சி, பழனி இடையே பஸ் ஓட்டத் தொடங்கியவர், பிறகு 1945இல் ஆர்தர் ஹோப் பெயரில் தொழில்நுட்பக் கல்லூரி உருவாகவும் காரணமாக இருந்தார். தடாகம் சாலையில் இருக்கும் இன்றைய அரசு தொழில்நுட்பக் கல்லூரி அதன் வளர்ச்சிதான். பள்ளிக்கூடத்தை வெறுத்தவர் கல்லூரி கட்டினார் என்பது வேடிக்கையாகத் தோன்றலாம். கல்லூரிப் படிப்பையும் இத்தனை வருஷம் இழுக்கத் தேவையில்லை என்றுதான் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

அவரைப் போல எல்லாப் பிள்ளைகளும் வந்துவிடுவார்கள் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம். அப்படி எதிர்பார்த்துத்தான் பல வீடுகளில் பிள்ளைகள் படாத பாடு படுகிறார்கள். ஆனால் பிரித்துப் போட்ட ஒரு பொருள் மறுநாள் காலைவரை பிரித்தபடியே கிடக்க ஒரு மூலை வேண்டும் என்பதை அவரிடமிருந்து எடுத்துக்கொள்ளலாம். வகுப்பறையில் மணி அடித்தால் எல்லாவற்றையும் எடுத்து வைத்தாக வேண்டும். வீட்டில் அந்தக் கட்டாயம் இல்லை; வீட்டுக் கல்வியின் பெரிய லாபமே அதுதான். விருந்தாளி வருகிறார்கள் என்று அதை அவசரமாகப் பெருக்கித் தள்ளிவிடுகிறோம்.

கணபதி, பீளமேடு, பட்டறைக்காரர்கள் இருக்கும் எந்த வீதியிலும் பழைய மிக்ஸி, ஓடாத பம்ப், கைக்கடிகாரம் கிடைக்கும். மூன்றடிக்கு இரண்டடிப் பலகை ஒன்று. அதைத் தூக்கி அலமாரி மேல் வைத்துவிடலாம், வேலையும் கலையாது. திருகாணிகளைக் கழற்றிய வரிசையில் போட்டு வைக்க, உபயோகம் இல்லாத இட்லித் தட்டு அருமையான சாமான். மின்சாதனம் என்றால் ஒயரை வெட்டி எடுத்த பிறகே பிள்ளை கையில் கொடுக்க வேண்டும். பழைய டிவி, மைக்ரோவேவ் அடுப்பு இரண்டையும் தரவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்சாரம் தேங்கியிருக்கும்.

மூன்றாவது மாடி அடுக்ககத்தில் இதையெல்லாம் எங்கே வைப்பது? தனி அறை வேண்டாம். ஹாலில் சமையலறை தெரிகிற மூலைதான் நம் ஆசாரம். பிள்ளைக்கு ஆறு வயது என்றால் அலமாரி இரண்டரை அடிக்கு மேல் போக வேண்டாம். மேல்தட்டு அவர்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டும். அதில் பத்துப் பொருளுக்கு மேல் வைத்தால் எதையும் எடுக்க மாட்டார்கள். மீதியை அட்டாலியில் போட்டு, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மாற்றலாம். பலகையைச் சுவரில் பெரியவர்கள் உயரத்துக்கு அடித்துவிட்டுப் பிள்ளையை ஸ்டூல் மேல் ஏற்றுவதில் அர்த்தமில்லை. அடி விளிம்பு தரையிலிருந்து ஒன்றரை அடியில் இருக்கட்டும். எழுதுவதற்கு, மண்டிக் கடையில் கணக்குப்பிள்ளை தரையில் உட்கார்ந்து எழுதுவாரே, அந்தச் சாய்வான மேசைப்பெட்டி. பழைய சாமான் கடையில் தேடினால் கிடைக்கும். கழுத்து குனியாது, மூடியைத் திறந்தால் நோட்டும் உள்ளே.

திசையையும் பார்க்க வேண்டும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் அடிக்கும் காற்று கோவைக்கு மேற்கிலிருந்து வருவது. மேற்கு ஜன்னலோரம் மேசை போட்டால் அந்த இரண்டு மாதமும் காகிதம் பொறுக்குவதே வேலை; பங்குனி, சித்திரையில் சாயங்கால வெயில் வேறு. வடக்கு ஜன்னல் கிடைத்தால் பாக்கியம். வலது கைக்காரப் பிள்ளைக்கு வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து விழ வேண்டும், எழுதும் கையின் நிழல் எழுத்தின் மேல் விழாமல்.

திண்ணைக்குத்தான் அடுக்ககத்தில் யோசிக்க வேண்டியிருக்கும். வாசல் கதவுக்கு வெளியே, செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் புத்தகத் தட்டும் ஜமக்காளத் துண்டும் போட்டு, சாயங்காலம் நாலரைக்குக் கதவைத் திறந்து வைக்கலாம். வழி மறிக்காமல் இருந்தால் அசோசியேஷன்காரர்களும் பெரும்பாலும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். பள்ளி வேன் வந்து இறங்கும் பிள்ளைகள் நின்று பார்ப்பார்கள். மறுவாரம் உட்காருவார்கள். கீழ்த்தளத்து வாட்ச்மேன் வீட்டுப் பிள்ளையும் ஏறி வரும்படி அந்தத் தட்டு இருக்கிறதா என்பதை மட்டும் பெரியவர்கள் கவனித்துக்கொள்ள வேண்டும்.

பரீட்சைக்கு என்ன வழி என்று அப்புச்சியும் அம்மிச்சியும் கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். தேசிய திறந்தநிலைப் பள்ளி மூலம் 14 வயதில் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதலாம். 3, 5, 8 வகுப்புகளுக்கு இணையான நிலைகளும் அங்கே உண்டு. அந்தச் சான்றிதழ்களையும் விண்ணப்பங்களையும் வைக்கிற கோப்புக்கும் அலமாரியில் ஓர் இடம் விட வேண்டும், பிள்ளையின் கைக்கு எட்டாத தட்டில்.

பிள்ளைக்குப் பதினொன்று, பன்னிரண்டு வயது வரும்போது எல்லா அளவும் மாறும். மேசைப்பெட்டிக்குள் கால் நுழையாது, ஜமக்காளத்தில் உட்கார்ந்தால் முட்டி இடிக்கும். ஹால் மூலையில் எல்லோர் கண்ணிலும் பட்டுக்கொண்டே இருப்பது அப்போதுதான் கசக்க ஆரம்பிக்கும். "எனக்குன்னு ஒரு கதவு வேணுமுங்க" என்று கேட்கும் வயது. பழைய வீடுகளில் அந்த வயதுப் பிள்ளைகள் ஏணி போட்டு மச்சுக்கு ஏறிவிடுவார்கள். தேங்காய்க்கும் நெல் மூட்டைக்கும் நடுவில் யாருக்கும் தெரியாத இடம் பிடித்து வைத்திருப்பார்கள். அடுக்ககத்தில் மச்சு இல்லை. பீரோவுக்கும் சுவருக்கும் இடையில் மூன்றடி ஒதுக்கி, பழைய சேலை ஒன்றைத் திரையாகத் தொங்கவிட்டு, உள்ளே ஒரு விளக்கு மாட்டிக் கொடுக்கலாம். திரையை விலக்கும் முன் கூப்பிட்டுக் கேட்டுவிட்டு விலக்க வேண்டும்.