பழைய பத்திரங்களில் முன்னோர்

முன்னோரைத் தேடுவோர்க்குப் பங்குக்கோவிலின் ஞானஸ்நான ஏடே முதல் துணை. அது இல்லாத இடத்தில் நிலப்பத்திரமே பேசவேண்டும். அமெரிக்க அன்பர் ஒருவரின் குலமுறையை அறிய, மேரிலாந்தின் குடியேற்றக்காலப் பத்திரப்படிகளை அவருடன் படித்தபோது இதை உணர்ந்தேன்.

1634 மார்ச் 25, மங்கள வார்த்தைத் திருநாளன்று, சேசு சபைக் குரு ஆண்ட்ரூ ஒயிட் அம்மண்ணில் திருப்பலி நிறைவேற்றினார். கத்தோலிக்கர் நாடிவந்த அந்நாட்டிலேயே, 1704-இல் அவர்தம் பொதுவழிபாட்டைச் சட்டம் தடுத்தது. அக்காலக் கோவில் ஏடுகள் மிகச் சிலவே எஞ்சியுள்ளன. பத்திரங்களோ நிலைத்தன.

எல்லை ஒரு வெள்ளை ஓக் மரத்தில் தொடங்கி ஓடையோரமாய்ச் செல்லும். பதினாறரை அடிக் கோலே அளவை. அண்டை நிலத்தார் பெயர்களில் மாமனாரோ மைத்துனரோ இருக்கக்கூடும். நிலம் விற்கும்போது மனைவியைத் தனியே அழைத்து, கணவன் செவியில் விழாதபடி அவள் சம்மதத்தைக் கேட்பர். பல பெண்களின் பெயர் அங்கு மட்டுமே வெளிப்படுகிறது.

ஆனால் சில ஏடுகளில் கால்நடைகளுடன் அடிமை மக்களும் சொத்தாக எழுதப்பட்டிருந்தனர், குடும்பப்பெயர் இல்லை. அன்பர் மௌனமானார். 1838-இல் மேரிலாந்துச் சேசு சபையாரும் 272 பேரை விற்க ஒப்பந்தம் செய்தனர். 2017-இல் சபையார் அம்மக்களின் சந்ததியாரிடம் மன்னிப்பு வேண்டினர். விற்றவர் எழுதிய பட்டியலே சந்ததியார்க்கு முன்னோரைக் காட்டிற்று.

அன்பர் தம் குலப்பட்டியலின் அருகே அடிமைகளின் பெயர்களையும் எழுதிக்கொண்டார். நிலம் பெற்றோரை மட்டுமன்று, அந்நிலத்தில் வியர்வை சிந்தியோரையும் நினைப்பதே நீதி. மரித்தோருக்காகச் செபிக்கையில் அவர்களையும் நினைவுகூர்வோமாக.