கொடைக்கானல் குளிரில் தக்காளி பழுக்குமா?

வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் போகும் மலைச்சாலையில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். மேலேயிருந்து இறங்கும் வண்டிகளில் கேரட், உருளைக்கிழங்கு, பீன்ஸ், பூண்டு என்று மூட்டை மூட்டையாக வரும். கீழேயிருந்து ஏறும் வண்டிகளில் தக்காளிப் பெட்டிகள் போகும். ஊருக்கெல்லாம் காய்கறி அனுப்புகிற மலை, தன் வீட்டு ரசத்துக்குத் தக்காளியைக் கீழேயிருந்துதான் வாங்குகிறது.

சாதாரண நாளில் இது ஒரு பெரிய விஷயமாகத் தெரியாது. ஆனால் 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது மரங்கள் சாய்ந்து மலைச்சாலைகள் அடைபட்டன. சாலை அடைபட்டால் தக்காளியும் நின்றுபோகும். 2023 ஜூலையில் தமிழ்நாடு முழுக்கத் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியது. அப்படிப்பட்ட நாட்களில் மலைக்காரர்களுக்கு வண்டி வாடகையும் சேர்ந்துகொள்ளும்.

‘வாசல்லயே நாலு செடி வெச்சுக்கிட்டா என்ன?’ என்று தோன்றும்தானே? வைக்கலாம். ஆனால் எந்த ரகத்தை வைப்பது? அங்கேதான் விஷயமே இருக்கிறது. பழனி மலையின் அடிவாரத்தில் தொடங்கி, தக்காளியைக் கையில் பிடித்துக்கொண்டே மேலே ஏறிப் பார்ப்போம், வாருங்கள்.

அடிவாரத்தில் வெயிலின் பிள்ளை

மலையின் தெற்கு அடிவாரத்தில் இருக்கிறது பெரியகுளம். கும்பக்கரை அருவிக்குக் குளிக்கப் போகிறவர்களுக்குத் தெரிந்த ஊர். தமிழ்நாட்டுத் தக்காளி விவசாயிகளுக்கு இன்னொரு காரணத்துக்காகவும் தெரியும். இங்குள்ள தோட்டக்கலைக் கல்லூரி மற்றும் ஆராய்ச்சி நிலையத்தில் உருவானதுதான் பி.கே.எம். 1 தக்காளி. தேனி பக்கத்து அன்னஞ்சி என்ற ஊரின் பெயரால் வழங்கிய உள்ளூர் ரகத்தில் மாற்றத்தை உண்டாக்கி, அதிலிருந்து தேர்ந்தெடுத்த ரகம் இது. பழம் உருண்டு கொஞ்சம் தட்டையாக, காம்புப் பக்கம் பச்சை படர்ந்திருக்கும். தூரத்து ஊர்களுக்கு லாரியில் போனாலும் தாங்கும்.

மலையின் வடக்கே ஒட்டன்சத்திரம். அங்குள்ள காய்கறி மார்க்கெட்டிலிருந்து கேரளாவுக்குப் போகும் சரக்கில் தக்காளிக்கும் ஒரு பெரிய பங்கு உண்டு. ஆக, மலையைச் சுற்றி எல்லாப் பக்கமும் தக்காளி. ஆனால் அந்தச் செடிகள் எல்லாம் வெயிலில் பிறந்து வெயிலில் வளர்ந்தவை. கீழே நன்றாகக் காய்க்கிறதே என்று அதே நாற்றை வாங்கிக்கொண்டு கொடைக்கானலுக்குப் போனால், செடி வளரும், பூக்கும். காய்தான் பிடிக்காது.

ஏன் காய் பிடிப்பதில்லை?

ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் 6 டிகிரி செல்சியஸ் குறையும். பெரியகுளம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 300 மீட்டர் உயரம், கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர். இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய 11 டிகிரி வித்தியாசம். கொடைக்கானலில் கோடையிலேயே பகல் 20 டிகிரியைச் சுற்றித்தான் இருக்கும், இரவு 11 அல்லது 12 டிகிரிக்கு இறங்கும். மார்கழி, தை மாதங்களில் இரவு 8 டிகிரி சாதாரணம். மேல்மலைப் பள்ளங்களில் சில விடியற்காலைகளில் புல்லின் மேல் உறைபனி வெள்ளையாகப் படியும்.

தக்காளிக்கு இரவு நேரம் முக்கியம். இரவில் 15 முதல் 20 டிகிரி வரை இருந்தால் பூ நன்றாகக் காயாகும். 13 டிகிரிக்குக் கீழே போனால் மகரந்தம் சரியாக வேலை செய்யாது, பூ உதிரும். உறைபனி பட்டாலோ ஒரே ராத்திரியில் செடி கருகிவிடும். தப்பித் தவறிக் காய் பிடித்தாலும் இன்னொரு சிக்கல் உண்டு. தக்காளிக்குச் சிவப்பு தரும் லைகோபீன் என்ற நிறமி 20 முதல் 24 டிகிரியில்தான் நன்றாக உருவாகும். குளிரில் காய் வாரக்கணக்கில் பச்சையாகவே தொங்கிக்கொண்டிருக்கும்.

நடுமலையில் ஒரு வாய்ப்பு

ஆனால் பழனி மலை என்றால் கொடைக்கானல் மட்டும் இல்லையே! டம் டம் பாறையில் இறங்கி எலிவால் அருவியைப் பார்த்துவிட்டு மேலே ஏறினால், பண்ணைக்காடு, தாண்டிக்குடி பக்கம் பிரியும் சாலைகள் வரும். காப்பி, மிளகு, ஆரஞ்சு, மலை வாழை விளையும் நடுமலை இது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் ஒன்று இங்கே தடியன்குடிசையில், சுமார் 1,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. டி.கே.டி. 1 என்ற வெண்ணெய்ப்பழ ரகம் வந்தது இங்கிருந்துதான்.

இந்த உயரம் தக்காளிக்குப் பகையில்லை. கீழே சித்திரை வெயிலில் பூக்கள் கருகி உதிரும்போது, நடுமலையின் மிதமான சூட்டில் காய் பிடிக்கும். இமாச்சலப் பிரதேசத்தின் சோலன் இதைத்தான் செய்கிறது. சமவெளி கொதிக்கும் மாதங்களில் சோலன் மலைத் தக்காளி டெல்லிச் சந்தைக்கு இறங்குகிறது. ஆகவே நடுமலையில் இருப்பவர்கள் குளிர் ரகத்தைத் தேடி அலைய வேண்டாம். நோயைத் தாங்கும் நல்ல ரகம் ஒன்று போதும். பெருமாள்மலையைத் தாண்டி மேலே போகிறவர்களுக்குத்தான் கேள்வி கடினமாகிறது.

குளிர்நாட்டு விதை போதுமா?

“குளிர்நாட்டு விதையை வாங்கிப் போட்டால் போச்சு” என்று பலரும் நினைக்கிறார்கள். குளிர்நாடுகளில் இதற்காகவே ரகங்கள் இருப்பது உண்மைதான். கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் உருவான சப் ஆர்க்டிக் பிளென்டி, செக் நாட்டிலிருந்து வந்த ஸ்டுபிஸ், அமெரிக்காவின் ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகம் உருவாக்கிய ஓரிகன் ஸ்பிரிங் எல்லாம் பெயர் பெற்றவை. ஓரிகன் ஸ்பிரிங் ரகத்தின் சாமர்த்தியமே தனி. குளிரில் மகரந்தம் சேராவிட்டாலும் விதையில்லாமலே காய் பிடித்துவிடும்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்த நாடுகளில் கோடை குட்டையானது, பகலோ நீளமானது. வடக்கு ஆல்பர்ட்டாவில் ஜூன் மாதத்தில் ஒரு நாளைக்கு 17 மணி நேரத்துக்கு மேல் வெளிச்சம் இருக்கும். கொடைக்கானலில் ஆண்டின் மிக நீண்ட பகல்கூட பதின்மூன்று மணி நேரத்தைத் தொடாது. அதிலும் மதியத்துக்கு மேல் பல நாள் மஞ்சு இறங்கி வெயிலை மூடிவிடும். எனவே விதைப் பாக்கெட்டில் ‘55 நாளில் பழம்’ என்று போட்டிருந்தால், அது அந்த ஊர்க் கணக்கு. இங்கே கூடுதல் நாள் காத்திருக்க வேண்டும்.

அதைவிடப் பெரிய எதிரி ஈரம். ஆண்டு முழுக்க இரண்டு பருவமழையும் எட்டிப் பார்க்கும் மலை இது. குளிரும் ஈரமும் சேர்ந்தால் பின்பருவ இலைக்கருகல் நோய் வரும். 1845-ல் அயர்லாந்தில் உருளைக்கிழங்கை அழித்துப் பெரும் பஞ்சத்தைக் கொண்டுவந்த அதே நோய்தான். அதே 1845-ல்தான் அமெரிக்க மதுரை மிஷனரிகள் கொடைக்கானலில் முதல் வீடுகளைக் கட்டினார்கள் என்பது ஒரு தற்செயல். உருளையும் தக்காளியும் ஒரே குடும்பம். மலையில் உருளை போடும் வயலை ஒட்டித் தக்காளி வைத்தால், நோய்க்கு வீட்டு வாசலைத் திறந்து வைத்த மாதிரி.

கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

ஆகவே மேல்மலையில் ரகம் தேர்ந்தெடுக்கும்போது பெயரையோ படத்தையோ பார்க்காதீர்கள். மூன்றே கேள்விகளைக் கேளுங்கள்.

முதலாவது, குளிர்ந்த இரவில் காய் பிடிக்குமா? டெல்லியிலுள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் பூசா ஷீத்தல் இதற்கென்றே வந்த ரகம். இரவு வெப்பம் 8 டிகிரிக்கு இறங்கினாலும் காய் பிடிக்கும்.

இரண்டாவது, கருகல் நோயைத் தாங்குமா? பெங்களூருவிலுள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா அபேத் என்ற வீரிய ஒட்டு ரகம், முன்பருவ, பின்பருவக் கருகல் இரண்டையும், இலைச்சுருட்டை, பாக்டீரியா வாடல் நோய்களையும் எதிர்த்து நிற்கும்படி உருவானது.

மூன்றாவது, பழம் சிறியதா? பெரிய பழம் பழுக்க அதிக நாள் பிடிக்கும். செர்ரி தக்காளி போன்ற குட்டிப் பழ ரகங்கள் சீக்கிரம் காய்த்து, சீக்கிரம் சிவக்கும். குளிர் இடங்களில் முதல்முறை முயற்சி செய்கிறவர்களுக்கு நம்பகமானவை இவையே.

மூன்றுக்கும் ஒரே ரகம் பதில் சொல்லாது. அதனால் ஒரே ரகத்தில் நாலு செடி வைப்பதைவிட, இரண்டு ரகத்தில் இரண்டிரண்டு வைப்பது புத்திசாலித்தனம். எது நம் வாசலுக்கு ஒத்துவருகிறது என்று ஒரே பருவத்தில் தெரிந்துவிடும்.

எப்போது, எப்படி?

காலம் முக்கியம். மழை குறைந்து, சூடு ஏறும் மாசி முதல் வைகாசி வரைதான் மேல்மலையில் தக்காளிக்கு நல்ல நேரம். விதை முளைக்கவே குறைந்தது 10 டிகிரி வேண்டும், அதிகச் சூடு இருந்தால் இன்னும் நல்லது. ஜனவரியில் வீட்டுக்குள், அடுப்படிச் சூடு படும் இடத்தில் தட்டில் விதையுங்கள். உறைபனி பயம் தீர்ந்த பிறகு, பிப்ரவரி கடைசியில் நாற்றை வெளியே நடலாம்.

கிழக்கு பார்த்த சுவரோரம் நல்ல இடம். மஞ்சு இறங்குவதற்கு முன் வரும் காலை வெயில் முழுவதும் கிடைக்கும், சுவர் வாங்கிய சூட்டை இரவில் செடிக்குத் திருப்பித் தரும். தலைக்கு மேலே நாலு குச்சி நட்டு, கண்ணாடி போன்ற பாலித்தீன் தாள் போட்டால் மழை இலையில் படாது. பக்கங்களை மட்டும் மூடாதீர்கள், காற்று ஓட வேண்டும். தண்ணீரை வேரில் ஊற்றுங்கள், இலையை நனைக்காதீர்கள். மண்ணைத் தொடும் அடி இலைகளைக் கிள்ளிவிடுங்கள். காப்பித் தோட்டக்காரர்களுக்குத் தெரிந்த போர்டோ கலவை, நோய் வருமுன் காக்க உதவும்.

பூத்த பிறகு, காலை வெயில் ஏறியதும் பூங்கொத்தை விரலால் லேசாகத் தட்டிவிடுங்கள். மகரந்தம் உதிர்ந்து சேர அது ஒரு சின்ன உதவி.

காய் வெளுத்து லேசாக நிறம் மாறியதும் பறித்துவிடலாம். ஒரு காகிதப் பையில் பழுத்த மலை வாழைப்பழம் ஒன்றோடு போட்டு, அடுப்படிப் பக்கம் வையுங்கள். வாழைப்பழம் விடும் எத்திலீன் வாயு தக்காளியைப் பழுக்க வைக்கும். ஃபிரிட்ஜில் மட்டும் வைக்காதீர்கள். மேல்மலையில் மார்கழி மாத அடுக்களையே பாதி ஃபிரிட்ஜ்தான்!

மலைக்குப் பிடித்த இன்னொரு தக்காளி

கொடைக்கானலில் பழக்கடைகளைப் பார்த்துக்கொண்டே நடந்தால், முட்டை வடிவில் கருஞ்சிவப்பாக ஒரு பழம் கண்ணில் படும்.

“இது என்ன பழங்க அக்கா?”

“மரத்தக்காளிங்க தம்பி. தோலோட கடிச்சிராதீங்க, கசக்கும். உரிச்சுட்டுச் சாப்பிடணும். சட்னி அரைச்சா இட்லிக்கு நல்லா இருக்கும்.”

மரத்தக்காளியும் நம் தக்காளியைப் போலவே தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலையைப் பூர்வீகமாகக் கொண்டது. நியூசிலாந்துக்காரர்கள் 1967-ல் இதற்கு டாமரில்லோ என்று புதுப்பெயர் வைத்து உலகச் சந்தைக்கு அனுப்பினார்கள். மிதமான குளிர் இதற்குப் பிடிக்கும். நட்ட இரண்டாம் ஆண்டில் காய்க்கத் தொடங்கி, பல ஆண்டுகள் காய்க்கும். வேர் மேலாக ஓடுவதால் காற்றுக்குச் சாயும், ஒரு முட்டுக்கொடுக்க வேண்டும். கன்றாக இருக்கும்போது உறைபனியிலிருந்து காக்க வேண்டும். வெந்நீரில் ஒரு நிமிடம் போட்டால் தோல் சுலபமாக உரியும். ரசத்துக்கும் புளிப்பு கொடுக்கும். வாசலில் ஒரு மரம் நின்றால், சாலை அடைபட்ட நாளில் அடுக்களை தவிக்காது.

விதை எடுத்து வையுங்கள்

கடைசியாக ஒரு வார்த்தை. வீரிய ஒட்டு ரகத்தின் விதையை எடுத்து விதைத்தால் அதே குணம் வராது. ஆனால் பூசா ஷீத்தல் போன்ற ரகங்களில் விதை எடுக்கலாம். எல்லாச் செடியும் கருகியபோது தாங்கி நின்ற செடி எது, முதலில் சிவந்த பழம் எது என்று பார்த்து, அதன் விதையை மட்டும் கழுவி, நிழலில் உலர்த்தி வையுங்கள். அடுத்த ஆண்டும் அப்படியே செய்யுங்கள்.

மேல்மலை விவசாயிகள் தலைமுறை தலைமுறையாக விதைப்பூண்டை எடுத்து வைத்துக் காப்பாற்றியதால்தான் கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. தக்காளிக்கு அப்படி ஒரு மலைப்பெயர் இன்னும் வரவில்லை. அது ஆராய்ச்சி நிலையத்திலிருந்துதான் வர வேண்டும் என்பதில்லை. பூம்பாறையிலோ மன்னவனூரிலோ ஒரு வீட்டு வாசலில், பழைய பால் டப்பாவில் எடுத்து வைத்த ஒரு பிடி விதையிலிருந்தும் வரலாம்.