ஒரே தெரு, மூன்று காலம்!

டோக்கியோவின் ஷின்ஜுகு ரயில் நிலையத்திலிருந்து சில நிமிட நடை. சிவப்பு விளக்கு வளைவுடன் வரவேற்கிறது கபுகிச்சோ. சேகாவின் ‘யாகுஸா’ வீடியோ கேம் ரசிகர்களுக்கு இதுதான் ‘கமுரோச்சோ’.

2005-ல் வந்த முதல் பாகம், இந்தக் கேளிக்கைத் தெருக்களை மாதிரியாக வைத்து உருவானது. 2015-ல் வெளியான ‘யாகுஸா 0’, கதையை 1988-க்குக் கொண்டுபோனது. பேஜர் ஒலிக்கும்; விளையாட்டைச் சேமிக்க டெலிபோன் பூத்தைத் தேட வேண்டும். அடுத்த ஆண்டு வந்த ஆறாம் பாகத்தில் ஸ்மார்ட்போனிலேயே சேமிக்கலாம். பாதிக் கதை, ஹிரோஷிமா மாகாணத்தின் ஒனொமிச்சி துறைமுகத்தில் அமைதியாக நகர்கிறது.

நிஜத் தெருவும் மாறிவிட்டது. அதன் அடையாளமாக இருந்த கோமா தியேட்டர் 2008-ல் மூடப்பட்டது. அங்கே எழுந்த கட்டடத்திலிருந்து 2015 முதல் காட்ஸில்லா எட்டிப்பார்க்கிறது.

புதிதாக விளையாடுபவர்கள் ‘0’-விலிருந்து தொடங்கலாம். பாகம் பாகமாக, ஒரு தெருவுக்கு வயதாவதைப் பார்க்கலாம்!